மல்டிமீட்டரில் டோன் தெரியாது

சென்ற இதழில் பிக்கப் பற்றி எழுதியவர் எதற்கும் தயங்குகிற ஆளாகத் தெரியவில்லை. எந்த எலெக்ட்ரிக் கிடார் வாங்கினாலும் முதல் வேலையாக அதில் தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தமும் காயிலுமான பிக்கப்பைப் பிடுங்கி எறிய வேண்டுமாம். ஓம் அதிகமாக உள்ளதைப் பார்த்து வாங்க வேண்டுமாம். அல்னிக்கோ காந்தம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம், செராமிக் என்றால் தொடவே கூடாதாம். ஐம்பதுகளில் கிப்சன் செய்த பிக்கப்பின் கைப்பக்குவம் இனி யாருக்கும் வாய்க்காதாம். நான்கு தீர்ப்புகள், ஒன்றுக்கும் சாட்சி இல்லை. பெயர் பெற்ற இறக்குமதி செட் ஒன்று இருபதாயிரம் ரூபாயைத் தொடுகிற ஊரில், வீட்டில் கெஞ்சிக் கூத்தாடிக் கிடார் வாங்கிய பையன் இதைப் படித்துவிட்டு அடுத்த கடனுக்கு அலைவான். அதனால் பேசாமல் இருக்க முடியவில்லை.

முதலில் ஓம். அவருடைய நம்பிக்கை முழுவதும் அதில்தான் இருக்கிறது. அட்டவணையே போட்டிருக்கிறார்: 7.5 கிலோ ஓம் என்றால் ‘வின்டேஜ்’, 8 என்றால் ‘ஹாட்’, அதற்கு மேலே ‘மெட்டல்’. மல்டிமீட்டர் காட்டுவது காயிலில் சுற்றிய செம்புக் கம்பியின் டி.சி. மின்தடையை மட்டுமே. கம்பி நீண்டாலும் தடை ஏறும், மெலிந்தாலும் ஏறும். எதனால் ஏறியது என்று மீட்டர் சொல்லாது. டெலிகாஸ்டரைப் பாருங்கள். பழைய வழக்கப்படி பிரிட்ஜ் பிக்கப்பில் 42 கேஜ் கம்பி, நெக் பிக்கப்பில் அதைவிட மெல்லிய 43 கேஜ். நெக்கில் சுற்று குறைவு. ஆனாலும் மீட்டரை வைத்தால் பிரிட்ஜுக்குச் சமமாகவோ பல சமயம் அதற்கு மேலாகவோ காட்டும். அட்டவணையை நம்பினால் டெலிகாஸ்டரின் நெக் பிக்கப்தான் காட்டமானது. அதை ஒருமுறையாவது வாசித்தவர்கள் சிரிப்பார்கள். அரிசி மூட்டையை எடைபோட்டுவிட்டுச் சாதம் ருசி என்று சொல்கிற காரியம் இது.

இன்னொன்றும் இருக்கிறது. செம்பின் தடை ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் ஏறக்குறைய 0.4 சதவீதம் கூடும். ஏ.சி. அறையில் 20 டிகிரியில் 7.5 காட்டிய பிக்கப்பை மே மாதச் சென்னையில் 38 டிகிரி வெயிலில் அளந்தால் 8 காட்டும். கம்பியில் ஒரு சுற்றுகூடக் கூடவில்லை, காந்தம் அப்படியே இருக்கிறது. ஆனால் கட்டுரையாளரின் கணக்கில் ‘வின்டேஜ்’ மதியத்துக்குள் ‘ஹாட்’ ஆகிவிட்டது! உள்ளேயே ப்ரீஆம்ப் வைத்து 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் ஆக்டிவ் பிக்கப்புகளுக்கு இந்த அட்டவணையில் இடமே கிடையாது. மெட்டல்காரர்களில் பலர் அதைத்தான் வாசிக்கிறார்கள் என்பது அவருக்கு எட்டவில்லை போலும்.

பளிச்சென்ற சத்தம், மந்தமான சத்தம் என்று காது பிரித்துச் சொல்வது எங்கிருந்து வருகிறது? பிக்கப்பின் இண்டக்டன்ஸும், அதோடு இணைந்த கேபிளின் கெபாசிட்டன்ஸும் சேர்ந்து ஒரு ஃபில்டராக வேலை செய்கின்றன. குறிப்பிட்ட ஓர் அதிர்வெண்ணில் சத்தம் மேடாக எழும்பும், அதற்கு மேல் சரிந்துவிடும். மேடு எங்கே விழுகிறது என்பதில்தான் விஷயம். ஸ்ட்ராட் வகை சிங்கிள் காயில் ஒன்றின் இண்டக்டன்ஸை 2.3 ஹென்றி என்று வைத்துக்கொள்வோம். கேபிளும் காயிலும் சேர்த்து 600 பிக்கோஃபாரட் இருந்தால் மேடு 4,300 ஹெர்ட்ஸ் பக்கம் நிற்கும். நீளமான கேபிளைச் செருகி அதை 1,000 ஆக்குங்கள், 3,300க்கு இறங்கிவிடும். கிடாரில் கை வைக்கவே இல்லை, டோன் மாறிவிட்டது. ஹென்ட்ரிக்ஸ் அந்த நீளச் சுருள் கேபிளோடு வாசித்த சத்தத்தில் பிக்கப்புக்கு எவ்வளவு பங்கு, கேபிளுக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்லட்டும் பார்க்கலாம். கட்டுரை முழுக்கத் தேடினேன், கேபிள் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை.

வால்யூம் பாட் பற்றியும் மூச்சில்லை. ஸ்ட்ராட்டில் தாராளமாக ஹம்பக்கர், அதாவது இரட்டைக் காயில் பிக்கப், போடுங்கள் என்கிறார். ஸ்ட்ராட்டில் இருப்பது 250 கிலோ ஓம் பாட்; ஹம்பக்கருக்கு வழக்கமாகப் போடுவது 500. பழைய பாட்டை அப்படியே விட்டுவிட்டுப் புது ஹம்பக்கரைச் சால்டர் செய்தால் மேலே இருக்க வேண்டிய பளபளப்பு அமுங்கிப்போகும். வாங்கியவர் பிக்கப்பைத் திட்டுவார். பிறகு? அதைவிட ஓம் அதிகமான இன்னொன்றை வாங்குவார். இந்த யோசனையால் கடைக்காரருக்கு மட்டும் குறை வராது.

காந்தக் கதைக்கு வருவோம். மாற்று பிக்கப் என்ற வியாபாரத்தையே தொடங்கி வைத்தது 1972இல் லாரி டிமார்சியோ கொண்டுவந்த சூப்பர் டிஸ்டார்ஷன். அதில் இருந்தது செராமிக் காந்தம். எழுபதுகளின் ராக் சத்தத்தில் பெரும்பங்கு வகித்த பிக்கப் அது. எந்தப் பழக்கத்துக்கு நம்மை அழைக்கிறாரோ அதன் பிள்ளையார் சுழியே அவர் தொடக்கூடாது என்கிற காந்தத்தில் போடப்பட்டது. மலிவு ஸ்ட்ராட் நகல்களில் செராமிக் இருப்பது உண்மைதான். ஆனால் அங்கே தந்திக்குக் கீழே நிற்கும் கம்பங்கள் காந்தம் அல்ல, இரும்பு. அடியில் செராமிக் பட்டை ஒட்டியிருக்கும். இரும்பு காயிலின் இண்டக்டன்ஸைக் கூட்டும், மேடு கீழே இறங்கும். சத்தம் வேறாக இருப்பதற்குப் பெரும்பங்கு அந்தக் கம்பங்களுக்குத்தான். இவரோ பழியைக் காந்தத்தின் தலையில் போட்டுவிட்டார். அதிலும், இண்டக்டன்ஸ் கூடினால் சத்தம் மந்தமாகும். ‘தகரச் சத்தம்’ என்று அவர் எழுதியிருப்பது நேர் எதிர்த்திசை.

இனி அந்தக் கைப்பக்குவம். மிச்சிகனில் கலாமசூ ஊரில் இருந்த கிப்சன் தொழிற்சாலையில் சேத் லவர் என்ற பொறியாளர் இரட்டைக் காயில் பிக்கப்பை வடிவமைத்தார். 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பம், 1959இல் கைக்கு வந்தது. இடைக்கால ஸ்டிக்கரில் இருந்த ‘காப்புரிமைக்கு விண்ணப்பித்துள்ளது’ என்ற ஆங்கில வாசகத்தின் முதலெழுத்துகளே பி.ஏ.எஃப். என்று இன்று பூஜிக்கப்படுகின்றன. லவர் தேடியது தேன் போன்ற டோனை அல்ல. மின்சார இரைச்சலை ஒழிக்கத்தான் இரண்டு காயில்களை எதிரெதிராக வைத்தார். தொழிற்சாலையிலோ, சுற்று இவ்வளவு என்று கச்சிதமாக எண்ணி நிறுத்தும் ஏற்பாடு தொடக்கத்தில் இல்லை. ஒன்று 7 கிலோ ஓம் சொச்சம், இன்னொன்று 9ஐத் தொடும். அல்னிக்கோவிலும் 2, 3, 4, 5 என்று அன்றைக்குக் கிடைத்ததைப் போட்டார்கள். ஆகவே ஒரு பி.ஏ.எஃப். போல இன்னொன்று இருக்காது. இதில் எந்த ஒன்றின் பக்குவம் வாய்க்காது என்கிறார்? கொசுறாக ஒன்று: பிறகு வந்த ஸ்டிக்கரில் கிப்சன் அச்சிட்ட காப்புரிமை எண் பிக்கப்புடையதே அல்ல. அது லெஸ் பால் தம் டெயில்பீஸுக்கு வாங்கியது. பிக்கப்பின் எண்ணையே சரியாகப் போடாத ஆலையைத்தான் கட்டுரையாளர் கோயிலாக்கியிருக்கிறார்.

அவர் துணைக்கு அழைத்த இரண்டு பெரியவர்களும் அவருக்கு எதிராகவே சாட்சி சொல்வார்கள். எடி வான் ஹேலன் ஈஎஸ்-335இலிருந்து கழற்றிய பி.ஏ.எஃப்.ஐத் தன் ஒட்டுக் கிடாரில் போட்டது உண்மை. அதை உருக்கிய மெழுகில் முக்கி எடுத்ததும் உண்மை, அதை மட்டும் விட்டுவிட்டார். பெரிய ஆம்புக்கு முன்னால் காயில் அதிர்ந்து கிறீச்சிட்டது. அந்தத் தொல்லைக்கான மருந்துதான் மெழுகு. பிரையன் மே தந்தையோடு சேர்ந்து 1963இல் தொடங்கிச் செய்த ரெட் ஸ்பெஷல் கிடாருக்கு முதலில் பிக்கப்பையும் சொந்தமாகவே சுற்றினார். தந்தியை வளைத்தால் காந்தத் துருவ அமைப்பினால் விரும்பாத சத்தம் வந்தது. அதனால்தான் பர்ன்ஸ் ட்ரை-சோனிக் பிக்கப்புகளை வாங்கி, அவற்றுக்குள் அரால்டைட் பசை ஊற்றினார். இருவருக்கும் கையில் ஒரு குறை இருந்தது, அந்தக் குறைக்காகக் கை வைத்தார்கள். ஓம் பார்த்து யாரும் கடைக்குப் போகவில்லை.

கிடாரில் உண்மையான குறை இருந்தால் மாற்றத்தான் வேண்டும். சிங்கிள் காயிலில் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் தாங்கவில்லை, ஃபேன் ரெகுலேட்டர் பக்கம் திரும்பினாலே ஆம்ப் உறுமுகிறது என்றால் ஹம்பக்கரோ இரைச்சல் நீக்கிய சிங்கிள் காயிலோ பணத்துக்குப் பொருள் தரும். கெயின் ஏற்றியதும் கிறீச்சிட்டால் மெழுகு ஊறியது வேண்டும். ஆனால் மாற்றுவதற்கு முன் பிக்கப்பின் உயரத்தைச் சரிபாருங்கள், அதற்கு ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும். கடைசி ஃப்ரெட்டில் தந்தியை அழுத்திப் பிடித்து, தந்தியின் அடியிலிருந்து காந்தத்தின் தலை வரை அளந்து பாருங்கள். பழைய பாணி ஸ்ட்ராட் பிக்கப்புக்கு ஃபெண்டர் சொல்வது தடித்த ஈ தந்திப் பக்கம் 2.4 மில்லிமீட்டர், மெல்லிய பக்கம் 2. அதைவிட நெருங்கினால் காந்தம் தந்தியைப் பிடித்து இழுக்கும். மேல் ஃப்ரெட்டுகளில் சுருதி நடுங்கும், சுரம் இரண்டாகக் கேட்கும். கட்டுரையாளர் ‘மட்டமான பிக்கப்’ என்று வர்ணித்த அடையாளங்களில் பாதி இதுதான். அரைச் சுற்று திருகினால் போகிற குறைக்கு இருபதாயிரம் செலவழிக்கச் சொல்கிறார்.

கழற்றிய பிக்கப்பைக் குப்பையில் போடுங்கள் என்பது அவருடைய கடைசி வரி. போடாதீர்கள். நாளை கிடாரை விற்கப் போனால், ஒரிஜினல் பிக்கப் இருக்கிறதா என்று வாங்குபவர் கேட்பார். புதியது பிடிக்காமல் போனால் திரும்பப் போட வேண்டியதும் அதுதான். பிடிக்காமல் போகலாம் என்ற வாய்ப்பையே அந்தக் கட்டுரை எங்கும் ஒப்புக்கொள்ளவில்லை.