திறப்பு விழா நடத்தினோம், பராமரிப்பு யார் பொறுப்பு?

“தம்பி, உங்க வெப்சைட்டைத் தொறந்தா சூதாட்ட விளம்பரம் வருது. பிள்ளைங்களுக்கு லிங்க் அனுப்பிட்டேன். என்னன்னு கொஞ்சம் பாருங்க.”

சென்ற ஆண்டு ஜூன் விடுமுறை முடிந்து பள்ளி தொடங்கிய நாளன்று, காலை ஏழு மணிக்கு எனக்கு வந்த வாட்ஸ்அப் செய்தி இது. அனுப்பியவர் ஓர் உயர்நிலைப் பள்ளித் தமிழாசிரியர்.

அந்த இணையத்தளத்தைத் தொடங்கியவன் நானல்லன். பலதுறைத் தொழிற்கல்லூரியில் எனக்கு மூத்த மாணவர்கள் நால்வர் சேர்ந்து தொடங்கியது அது. வாய்மொழித் தேர்வுக்கான பயிற்சி ஒலிப்பதிவுகள் ஒரு பக்கம். செம்பவாங்கிலும் தஞ்சோங் பகாரிலும் அந்தக் காலத்தில் வாழ்ந்த மூத்தோரின் நினைவுகள் மறுபக்கம். எல்லாம் அவர்களே வீடு வீடாகச் சென்று பதிவுசெய்தவை. நான் முதலாமாண்டில் உதவிக்குச் சேர்ந்தேன். அண்ணன்மார் ஒவ்வொருவராகப் படிப்பை முடித்துத் தேசிய சேவைக்கும் வேலைக்கும் சென்றுவிட, மிஞ்சியது நான் மட்டும்.

என்ன நடந்தது என்று கண்டுபிடிக்கவே இரண்டு நாள் ஆனது. தளத்தின் இணைய முகவரி ஓர் அண்ணனின் கல்லூரி மின்னஞ்சலில் பதிவாகியிருந்தது. அவர் படிப்பை முடித்த பிறகு அந்தக் கணக்கு மூடப்பட்டது. இது வழக்கமான நடைமுறைதான். ஆனால், முகவரியைப் புதுப்பிக்கச் சொல்லி வந்த நினைவூட்டல்கள் எதுவும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. காலக்கெடு முடிந்ததும் முகவரியை விற்ற நிறுவனம் அங்கே விளம்பரப் பக்கத்தை வைத்துவிட்டது.

ஆண்டுக்கு இருபது வெள்ளிகூட ஆகாத கட்டணம் அது. எங்களிடம் பணம் இருந்தது. யார் கட்டவேண்டும் என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

என் ஒருவனின் கவனக்குறைவு என்றால் இதை எழுதியிருக்க மாட்டேன். கடந்த சில ஆண்டுகளில் இணைய உலகை உலுக்கிய பெரிய செய்திகள் சிலவற்றைத் திரும்பிப் பார்த்தபோது, எங்கள் சின்னத் தளத்தில் நடந்ததும் அங்கே நடந்ததும் ஏறக்குறைய ஒன்றே என்று தெரிந்தது.

தனிமனிதர் தோளில் இணையம்

2014 ஏப்ரலில் ‘ஹார்ட்பிளீட்’ என்ற பாதுகாப்புக் குறைபாடு வெளியானது. இணையத்தில் நாம் அனுப்பும் கடவுச்சொல், வங்கி விவரம் போன்றவற்றை மறையாக்கம் செய்யும் ‘ஓபன்எஸ்எஸ்எல்’ என்ற மென்பொருளில் இருந்த ஓட்டை அது. உலகின் பெருநிறுவனங்கள் பலவும் அந்த மென்பொருளை நம்பியிருந்தன. ஆனால், அதற்கு முழுநேரமாக வேலைசெய்தவர் ஒரே ஒருவர். ஆண்டுதோறும் கிடைத்துவந்த நன்கொடை ஏறத்தாழ 2,000 அமெரிக்க டாலர். குறைபாடு வெளியான அதே மாதம் பெரிய தொழில்நுட்ப நிறுவனங்கள் சேர்ந்து இத்தகைய மென்பொருள்களுக்கு நிதி ஒதுக்க முன்வந்தன. வீடு எரிந்த பிறகு வந்த தண்ணீர் வண்டி என்றாலும், வந்ததே பெரிது.

பத்து ஆண்டுகள் கழித்து, 2024 மார்ச்சில் வந்த செய்தி இன்னும் கவலைக்குரியது. கோப்புகளைச் சுருக்கப் பயன்படும் ‘எக்ஸ்இசட்’ மென்பொருளை ஒருவர் பல ஆண்டுகளாகச் சம்பளமின்றிப் பராமரித்துவந்தார். மனநலச் சிரமங்களால் முன்புபோல் நேரம் ஒதுக்க முடியவில்லை என்று அவர் 2022ல் வெளிப்படையாகவே கூறினார். “வேலை மெதுவாக நடக்கிறது, வேறொருவரிடம் கொடுங்கள்” என்று முகம் தெரியாத சிலர் அவரை நெருக்கினர். அந்நேரத்தில் ‘ஜியா டான்’ என்ற பெயரில் ஒருவர் பொறுமையாக, பணிவாக உதவிக்கொண்டிருந்தார். இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் நல்ல வேலை செய்து நம்பிக்கையைப் பெற்றார். பொறுப்பு கைக்கு வந்ததும், உலகெங்கும் உள்ள சர்வர்களுக்குள் திருட்டுத்தனமாக நுழைய ஒரு கொல்லைப்புற வழியை அதில் பதுக்கிவைத்தார்.

மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தில் பணிபுரியும் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் அதைத் தற்செயலாகக் கண்டுபிடித்தார். சர்வருக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக எடுத்தது அவருக்கு உறுத்தியது. அந்த அரை விநாடியை அவர் பொருட்படுத்தாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஜியா டான் யார் என்பது இன்றுவரை பொதுவெளியில் தெரியாது.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். களைத்துப்போன தனிமனிதருக்கு உதவி வராமல் போவது ஓர் ஆபத்து. அந்தக் களைப்பைப் பயன்படுத்திக்கொண்டு தவறான உதவி வருவது மற்றோர் ஆபத்து. முதலாவதைச் சரிசெய்யாதவரை இரண்டாவதற்குக் கதவு திறந்தே இருக்கும்.

வருவது வாசகரா, இயந்திரமா?

இப்போது புதிதாக ஒரு சுமையும் சேர்ந்துள்ளது. செயற்கை நுண்ணறிவு மாதிரிகளைப் பயிற்றுவிக்கத் தரவு வேண்டும். அதற்காகத் தானியங்கி நிரல்கள் இரவு பகலாக இணையத்தளங்களை அள்ளிச் செல்கின்றன.

விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை 2025 ஏப்ரலில் ஒரு தகவலை வெளியிட்டது. 2024 ஜனவரி முதல் அதன் படங்களையும் காணொளிகளையும் பதிவிறக்குவதற்கான அலைவரிசைப் பயன்பாடு 50 விழுக்காடு உயர்ந்துள்ளது. அதற்கு மிக அதிகச் செலவு வைக்கும் போக்குவரத்தில் 65 விழுக்காடு தானியங்கி நிரல்களால் வருகிறது. ஆனால், மொத்தப் பக்கப் பார்வைகளில் அவற்றின் பங்கு ஏறத்தாழ 35 விழுக்காடுதான்.

காரணம் எளிது. மனிதர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியான பக்கங்களையே தேடிப் படிக்கிறார்கள். அவற்றைப் பக்கத்தில் உள்ள தற்காலிகச் சேமிப்பிலிருந்து மலிவாக வழங்கிவிடலாம். இயந்திரமோ யாரும் தொடாத பழைய பக்கத்தையும் விடுவதில்லை. அவை ஒவ்வொன்றையும் மூலச் சர்வரிலிருந்து எடுத்துத் தரவேண்டும்.

விக்கிமீடியாவுக்கு நன்கொடையாளர்களும் பொறியாளர்களும் இருக்கிறார்கள். பெருநிறுவனங்களுக்குக் கட்டணத்துக்குத் தரவு வழங்கும் சேவையையும் அது 2021ல் தொடங்கியது. மாதம் பத்துப் பதினைந்து வெள்ளிக்குச் சர்வர் வாடகை கட்டும் ஒரு தமிழ்ச் சங்கத்தின் தளம் என்ன செய்யும்? ஒரு நாள் தளம் திறக்காது. காரணம் தெரியாத தொண்டூழியர், “வெப்சைட் ஸ்லோவா இருக்கு” என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்.

சத்தமில்லாமல் மறைபவை

2013ல் இருந்த இணையப்பக்கங்களில் 38 விழுக்காடு பத்தாண்டுகளில் காணாமற்போய்விட்டதாக அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024ல் தெரிவித்தது. நூலகம் எரிந்தால் செய்தியாகும். இணையப்பக்கம் மறைந்தால், தேடிப் போகிறவருக்கு மட்டுமே தெரியும்.

தமிழுக்கு இதில் தனிக் கவலை உண்டு. இணையத்தில் தமிழை ஏற்றியதில் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் பெரும் பங்கு இருக்கிறது. சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி, மலேசியாவின் முத்து நெடுமாறன் போன்றோர் தொடக்கக் காலத்திலேயே தமிழ் எழுத்துருவுக்கும் மென்பொருளுக்கும் உழைத்தவர்கள். முதல் தமிழ் இணைய மாநாடு 1997ல் இங்குதான் நடைபெற்றது. ஆனால், அந்தக் காலத்தில் ஆர்வலர்கள் இலவச இடங்களில் கட்டிய தளங்களில் பல இன்று இல்லை. எடுத்துக்காட்டாக, ‘ஜியோசிட்டிஸ்’ சேவையை யாஹூ 2009ல் மூடியபோது உலகெங்கும் எண்ணற்ற தனிமனிதத் தளங்கள் ஒரே அடியாகப் போயின.

நிலைத்து நிற்பவை எவை? 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் இன்றும் பழந்தமிழ் நூல்களை இலவசமாகத் தருகிறது. அதை உருவாக்கிய தொண்டூழியர்கள் பல நாடுகளில் இருப்பவர்கள். கோப்புகளும் எவரும் எளிதில் திறக்கக்கூடிய வடிவத்தில் உள்ளன. 2003ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான கட்டுரைகள் இருக்கின்றன. அங்கே ஒருவர் விலகினால் இன்னொருவர் தொடர வழி உண்டு. இரண்டிலும் பொதுவான அம்சம், எதுவும் ஒருவர் கையில் மட்டும் இல்லை என்பதுதான்.

எந்த உதவியைக் கேட்பது?

சமூகத் தளங்களுக்கு ஆதரவு என்றாலே பலரும் பணத்தை நினைக்கிறோம். என் அனுபவத்தில் பணம் மூன்றாவது இடத்தில்தான் வருகிறது. முதலில் தேவைப்படுவது பொறுப்பை ஒப்படைக்கும் முறை. அடுத்தது கைகள்.

புதிதாக ஒன்றைத் தொடங்க ஆதரவு கிடைப்பது எளிது. தொடக்க விழா, படம், சான்றிதழ் எல்லாம் இருக்கும். ஏற்கெனவே இருப்பதைப் பழுதுபார்க்க உதவி கேட்டால் அவ்வளவு எளிதில் யாரும் வருவதில்லை. நாம் மாணவர்களும் அப்படித்தான். திட்டப்பணிக்குப் புதுத் தளம் செய்ய ஆறு பேர் வருவார்கள். பழைய தளத்தின் மென்பொருளைப் புதுப்பிக்க, உடைந்த இணைப்புகளைத் திருத்த, காப்புப் பிரதி எடுக்க ஒருவர் கிடைப்பது அரிது. பள்ளிகள் சமூகச் சேவை நேரத்தைக் கணக்கிடும்போது இத்தகைய வேலையையும் சேர்த்துக்கொண்டால் நல்லது. கடற்கரையைச் சுத்தம் செய்வதுபோல் இதுவும் பொது இடத்தைப் பேணும் பணிதானே?

நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் ஓர் உதவி பலருக்குத் தெரிவதில்லை. தேசிய நூலக வாரியம் ‘வெப் ஆர்க்கைவ் சிங்கப்பூர்’ என்ற பெயரில் சிங்கப்பூர் தொடர்பான இணையத்தளங்களைச் சேமித்துவருகிறது. 2018ல் செய்யப்பட்ட சட்டத் திருத்தத்தின் பயனாக, ‘டாட் எஸ்ஜி’ என்று முடியும் தளங்களை அது தனித்தனியாக அனுமதி கேட்காமலே சேமிக்கலாம். மற்ற முகவரிகளில் உள்ள தளங்களைப் பொதுமக்கள் பரிந்துரைக்கலாம். எங்கள் தளம் ‘டாட் காம்’. எங்களில் யாரும் பரிந்துரைத்திருக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. தளத்தில் மாணவர்களின் பெயர், தொலைபேசி எண் போன்றவற்றைத் திரட்டினால் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். பதிவு பெறாத குழுவாக இருந்தாலும் விலக்கில்லை. தரவுக்குப் பொறுப்பாக ஒருவரை நியமிக்க வேண்டும். “நாங்க வெறும் ஸ்டூடண்ட்ஸ்தானே” என்பது பதிலாகாது.

ஐந்து கேள்விகள்

உங்கள் மன்றத்துக்கோ சங்கத்துக்கோ இணையத்தளம் இருந்தால், அடுத்த கூட்டத்தில் இந்த ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்.

இணைய முகவரி யார் பெயரில், எந்த மின்னஞ்சலில் பதிவாகியுள்ளது? அது தனிமனிதரின் பள்ளி மின்னஞ்சலாக இருக்கக்கூடாது. மன்றத்துக்கென்றே பொது மின்னஞ்சல் ஒன்று வேண்டும்.

முக்கியக் கணக்குகளைத் திறக்கக்கூடியவர்கள் குறைந்தது இருவர் இருக்கிறார்களா? அவர்கள் வெவ்வேறு ஆண்டு மாணவர்களா? இருவரும் ஒரே நாளில் பட்டம் பெற்றுச் சென்றால் பயனில்லை.

காப்புப் பிரதி எங்கே இருக்கிறது? அதிலிருந்து தளத்தைத் திரும்பக் கொண்டுவர முடியுமா என்று யாராவது சோதித்துப் பார்த்ததுண்டா?

புதிதாக வருபவர் படித்துப் புரிந்துகொள்ளும்படி எல்லாம் இரண்டு பக்கங்களில் எழுதிவைக்கப்பட்டுள்ளதா?

உதவிக்கு வருபவருக்கு முதல் நாளே எல்லாச் சாவிகளையும் கொடுத்துவிடுகிறோமா? சிறு பொறுப்பில் தொடங்கி, அவர் செய்யும் மாற்றத்தை இன்னொருவர் பார்த்த பின்னரே வெளியிடுவது அவமரியாதை ஆகாது. எக்ஸ்இசட் மென்பொருளில் அப்படிச் சரிபார்க்க இரண்டாவது ஆள் இல்லை.

எங்கள் முகவரியைப் பன்னிரண்டு நாள்களில் மீட்டுவிட்டோம். அண்ணன் சிட்னியிலிருந்து அடையாள ஆவணங்களை அனுப்பி, அபராதத்தையும் தன் பணத்திலேயே கட்டினார். ஆனால், சில ஒலிப்பதிவுகள் அவருடைய கல்லூரிக் கணக்கின் சேமிப்பகத்தில் இருந்தன; தளத்தில் வெறும் இணைப்பு மட்டும் கொடுத்திருந்தோம். கணக்கோடு அவையும் போயின. ஏழு பதிவுகள்.

அவற்றுள் ஒன்று, துறைமுகத்தில் வேலைசெய்த ஒரு பெரியவரின் நாற்பது நிமிடப் பேச்சு. அவர் அதற்கு முந்திய ஆண்டே காலமாகிவிட்டார். ஆகஸ்ட் மாதம் அவருடைய பேத்தி எங்களுக்கு எழுதினார். தாத்தாவின் குரல் வீட்டில் யாரிடமும் இல்லை, அந்தப் பதிவை அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார்.

பதிவுசெய்த அக்காவின் பழைய கைப்பேசியில் தேடிப் பார்த்தோம். ஒலி சரியாக வருகிறதா என்று பார்க்க எடுத்த இரண்டு நிமிடத் துண்டு கிடைத்தது. அதில் பெரியவர், “பேசலாமாம்மா, ஓடுதா?” என்று கேட்கிறார். அதைத்தான் அனுப்பினோம்.

இப்போது எங்கள் தளத்தைப் பார்த்துக்கொள்பவர்கள் மூவர். அவர்களில் ஒருவர் முதலாமாண்டு மாணவி. நான் அடுத்த ஏப்ரலில் தேசிய சேவைக்குச் செல்கிறேன். அன்று தளம் நின்றுவிடாது.