ஒத்தியா? வாடகையா?

போன வாரம் திண்டுக்கல் போயிருந்தேன். பையைக் கீழ வைக்கறதுக்குள்ள அப்பா ஆரம்பிச்சார். "மாடி போர்ஷன ஒத்திக்கு விட்டுரலாம்டா. அஞ்சு லட்சம் தர ஆள் ரெடி. வத்தலக்குண்டு ரோட்டுல ஒரு பிளாட் முடிச்சுரலாம்."

வெளியூர் மக்களுக்காக: ஒத்தின்னா மொத்தமா ஒரு தொகை வாங்கிட்டு, ரெண்டு மூணு வருஷம் வாடகையே இல்லாம வீட்டை விடறது. காலி பண்ணும்போது அதே தொகையைத் திருப்பித் தரணும். சென்னைல லீஸ்னு சொல்வாங்க.

பொட்டி தட்டுறவன் சும்மா இருப்பேனா? கணக்கு போட்டேன். அதே மாடிக்கு மாசம் 5,000 வாடகை வரும். வருஷத்துக்கு 60,000. அஞ்சு லட்சத்துக்காக அதை விட்டுக் கொடுக்கறோம்னா, 12 சதவீதம். நம்ம ஊர் பாஷைல ஒரு ரூபா வட்டி! ஆக, ஒத்திப் பணம் வருமானம் இல்லீங்க, கடன். கையில ரெண்டு வட்டிக் கடன் இருந்தா, அதை அடைக்க ஒத்தி வாங்கலாம், தப்பில்லை. பிளாட் வாங்கவா?

அதைவிடப் பெரிய பயம் ஒண்ணு இருக்கு. நிறைய பேர் பழைய ஆளுக்குப் பணம் திருப்பறதே அடுத்த ஒத்திக்காரர் தர்ற பணத்துலதான். ஆத்தூர் காமராஜர் அணையும் காவிரித் தண்ணியும் நம்பி இருக்கற ஊர் இது. ஒரு கோடைல போர் வத்திப் போனா ஆள் காலி பண்றேன்னு நிப்பார். அதே கோடைல தண்ணியில்லாத வீட்டுக்குப் புது ஆளும் வர மாட்டார். எங்க சொந்தத்துலயே ஒருத்தர் இப்படி மாட்டி, நகையை அடகு வெச்சுத் திருப்பினார். பிளாட்டை ஒரு மாசத்துல வித்துர முடியுமா?

பத்திரம் வேற. 1908ஆம் வருஷப் பதிவுச் சட்டப்படி ஒரு வருஷத்துக்கு மேல குத்தகைன்னா பதிவு பண்ணியே ஆகணும். ஆனா மூணு வருஷ ஒத்தியை வெறும் முத்திரைத்தாள்ல எழுதி முடிச்சுடறாங்க. நாளைக்குத் தகராறுன்னா ரெண்டு பேருக்குமே சிக்கல்.

வாடகைக்கு விட்டா? 2019 பிப்ரவரில நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தை எழுத்துல போட்டு, வாடகை அதிகாரிகிட்ட பதிவு பண்ணணும். வேற மாதிரி பேசிக்கலைன்னா அட்வான்ஸ் மூணு மாச வாடகைக்கு மேல வாங்கக் கூடாது. நம்ம கணக்குல 15,000. அதை பேங்க்ல தனியா போட்டு வெச்சா, கேட்ட அன்னிக்கே திருப்பிடலாம். ராத்திரி தூக்கம் வரும்.

எல்லாத்தையும் பொறுமையா கேட்டுட்டு அப்பா, "மாசாமாசம் வாடகை கேட்டு யார் நிக்கறது? நீயா?"ன்னார். அக்கவுண்ட்லயே போடச் சொல்லலாம்ப்பான்னேன்.

"குழாய் ஒழுகினா? அதுக்கும் அக்கவுண்டா?"

ஒத்திக்கு விட்டாலும் குழாய் ஒழுகத்தானே செய்யும்? :-) ஆனா அவர் கேட்டதுலயும் நியாயம் இருக்கு. அலையறது அவர்தான், நான் இல்லை. அதனால பிளம்பர், எலக்ட்ரீஷியன் செலவு இனி என்னோடதுன்னு ஒத்துக்கிட்டேன்.

மாடிக் கதவுல 'வாடகைக்கு' போர்டு தொங்குது. பிளாட் ஆசை மட்டும் இன்னும் அவருக்குப் போகலை.