முகப்பூச்சும் முகப்பொலிவும்

ஆண்டு மலரில் ஒப்பனையைப் பற்றி எழுதலாமா என்று தோழியர் சிலர் என்னைக் கேட்டனர். காலத்தின் அருமை, மரம் வளர்ப்போம், நூலகத்தின் பயன் என்று எழுதுவதுதானே வழக்கம் என்பது அவர்கள் எண்ணம். ஆனால் ஆண்டு விழா நெருங்கும் மாதத்தில் நாம் அதிகம் பேசுவது மரத்தைப் பற்றியா, முகத்தைப் பற்றியா? உண்மையைச் சொன்னால் முகத்தைப் பற்றித்தான். பேசுகிற பொருளை எழுதினால் என்ன குறைந்துவிடும்? அருட்சகோதரியரும் பெற்றோரும் பொறுமையுடன் படித்தருள வேண்டும்.

விழா நாளன்று மேடைக்குப் பின்புறமுள்ள வகுப்பறையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பெஞ்சுகளைச் சுவரோரமாகத் தள்ளி, ஜன்னல் கம்பியில் கண்ணாடியைக் கட்டி, ஒரே ஒரு பான்கேக் டப்பாவையும் ஒரே ஒரு ஈரப் பஞ்சையும் வைத்துக்கொண்டு நாற்பது பேருக்கு ஒப்பனை நடைபெறும். அந்த ஒரே டப்பாவில் உள்ள நிறம் என்ன? வெளிர் ரோஜா! நாற்பது பேரில் அந்த நிறத்தில் பிறந்தவர்கள் ஒருவரோ இருவரோ. மற்றவர்களின் முகம் ஒரு நிறம், கழுத்து வேறு நிறம், கை மூன்றாவது நிறம் என்று ஆகிவிடுகிறது. கறுத்த தோலின்மீது வெளிர் நிறப் பூச்சைத் தடவினால் தோல் வெளுப்பதில்லை. சாம்பல் பூத்தாற்போல் ஆகிறது. புகைப்படம் வந்த பின்பு அதைப் பார்த்துச் சிரிப்பவர்களும் நாமே, அழுபவர்களும் நாமே.

இதில் ஒப்பனைக்காரரை மட்டும் குறை கூறி என்ன பயன்? வேடம் கொடுக்கும்போதே நிறம் பார்க்கப்படுகிறது. கிறிஸ்து பிறப்பு நாடகங்களில் மாதாவும் சம்மனசுகளும் சிவந்த பிள்ளைகளாகவும், இடையர்களும் ஏரோதின் சேவகர்களும் கறுத்த பிள்ளைகளாகவும் இருப்பதை எத்தனையோ பள்ளிகளிலும் பங்குகளிலும் காண்கிறோம். குரல் நன்றாயிருக்கிறதா, வசனம் மனப்பாடமா என்பதெல்லாம் அப்புறம். மாதா என்றால் வெள்ளையாகத்தான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? 1531ஆம் ஆண்டுக் காட்சியோடு இணைத்துப் போற்றப்படும் மெக்சிகோவின் குவாதலூப்பே அன்னை மாநிறத்தவர். போலந்து நாட்டார் தலைமேல் வைத்துக் கொண்டாடும் செஸ்தகோவா அன்னையின் படத்தில் முகம் நன்றாகக் கறுத்தே காணப்படுகிறது. வெள்ளையர் நாடாகிய போலந்துக்கு உறுத்தாத நிறம் கடலூருக்கு ஏன் உறுத்துகிறது?

"கறுப்பே அழகு, காந்தலே ருசி" என்று நம் பாட்டிமார் கூறுவார்கள். நல்ல பழமொழிதான். ஆனால் பெரும்பாலும் ஆறுதலாகவே அது சொல்லப்படுகிறது. சிவந்த பிள்ளையிடம் யாரும் அதைச் சொல்வதில்லை அல்லவா?

உயிரியல் பாடம் இதில் எவ்வளவோ தெளிவாக இருக்கிறது. தோலுக்கு நிறம் தருவது மெலனின் என்ற பொருள். அதைச் சுரக்கும் செல்களின் எண்ணிக்கை வெள்ளையர்க்கும் கறுத்தவர்க்கும் ஏறக்குறைய ஒன்றே. அவை உண்டாக்கும் நிறமியின் அளவும் வகையும்தான் வேறு. அந்த நிறமி வெயிலின் புற ஊதாக் கதிர்களை வாங்கிக்கொண்டு உள்ளேயிருக்கும் செல்களைக் காக்கிறது. நம் ஊர் எங்கே இருக்கிறது என்று பூகோளப் படத்தில் பாருங்கள். கடலூரும் சிதம்பரமும் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 11, 12 பாகைகளுக்கு இடையில் இருக்கின்றன. ஏப்ரல் மூன்றாம் வாரத்தை ஒட்டி ஒரு முறையும் ஆகஸ்டு மூன்றாம் வாரத்தை ஒட்டி ஒரு முறையும் நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். நட்ட குச்சிக்கு நிழலே விழாது. இத்தகைய ஊரில் வாழ்கிறவர்களுக்கு இயற்கை கொடுத்திருக்கும் குடை அது. குடையைச் சுரண்டி எடுக்கப் பணம் கொடுக்கிறோம்!

பணம் என்றதும் நம் ஊரின் பெருமை ஒன்று நினைவுக்கு வருகிறது. ஷாம்புவைச் சிறு உறையில் அடைத்து, கூலி வேலை செய்பவரும் வாங்கும்படி விற்கலாம் என்ற எண்ணத்தைச் செய்து காட்டிய முன்னோடிகளுள் ஒருவர் கடலூர்க்காரரான சின்னி கிருஷ்ணன். அவருடைய மகன் சி. கே. ரங்கநாதன் 1983இல் பதினைந்தாயிரம் ரூபாய் முதலுடன் தொழில் தொடங்கித் தந்தையின் பெயரிலிருந்தே 'சிக்' என்ற பெயரை ஷாம்புவுக்கு வைத்தார். அந்த நிறுவனமே பின்னாளில் கெவின்கேர் ஆயிற்று. பெரிய புட்டி வாங்க முடியாத வீட்டுப் பெண்ணும் வெள்ளிக்கிழமை தலை குளித்து மணக்கலாம் என்றாக்கியது சிறிய காரியமன்று. இதை நான் மனமாரப் பாராட்டுகிறேன். (தெருவெல்லாம் காலி உறை கிடப்பது வேறு விஷயம், அதைத் தேசிய மாணவர் படைத் தோழியர் எழுதட்டும்.)

ஆனால் அதே நிறுவனம் 1998இல் 'ஃபேரெவர்' என்ற சிவப்பழகுக் களிம்பையும் கடைக்குக் கொண்டுவந்தது. அதற்கும் முன்பே, 1975இல், இந்துஸ்தான் லீவர் 'ஃபேர் அண்ட் லவ்லி'யைக் கொண்டுவந்திருந்தது. கறுத்த பெண்ணுக்கு வேலை கிடைக்காது, மாப்பிள்ளை கிடைக்காது, களிம்பு தடவினால் எல்லாம் கிடைக்கும் என்ற கதையைத்தான் இப்படிப்பட்ட களிம்புகளின் விளம்பரங்கள் பல ஆண்டுகள் திரும்பத் திரும்பச் சொல்லிவந்தன. சென்னையிலுள்ள 'உமன் ஆஃப் வொர்த்' என்ற அமைப்பு 2009இல் 'கறுப்பும் அழகே' என்னும் பொருளில் ஓர் இயக்கம் தொடங்கியது. நடிகை நந்திதா தாஸ் பின்னர் அதற்குத் துணை நின்றார். 2014இல் விளம்பரத் தர மன்றம், கறுத்தவர்களைத் தாழ்வாகவோ தோல்வியுற்றவர்களாகவோ காட்டக்கூடாது என்று நெறி வகுத்தது. 2020இல் 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'குளோ' என்று பெயரை மாற்றினார்கள். பெயர் மாறியது நல்லதே. ஆனால் கல்யாண விளம்பரத்தில் 'சிவந்த நிறம்' என்று போடுகிறவர்கள் நம் வீட்டுப் பெரியவர்கள்; அவர்களுக்கு யார் நெறி வகுப்பது?

பெயர் தெரிந்த கம்பெனிக் களிம்பால் பெரும்பாலும் பணம்தான் வீண். முகவரியே இல்லாத களிம்பின் கதை வேறு. சிலவற்றில் பாதரசம் கலந்திருக்கிறது. பாதரசம் மெலனின் உண்டாவதைத் தடுப்பதால் சில வாரங்களிலேயே முகம் வெளுக்கும். வாங்கியவர் மகிழ்ந்து தோழிக்கும் சொல்வார். அந்தப் பாதரசம் தோல் வழியே இரத்தத்தில் சேர்ந்து சிறுநீரகத்தைத் தாக்குகிறது. கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்திலுள்ள கோட்டக்கல்லில் மருத்துவர்கள் 2021 முதல் 2023 வரை ஒருவகைச் சிறுநீரக நோயாளிகள் 22 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களுள் 15 பேரிடம் அந்நோயின் அரிய வகை ஒன்று காணப்பட்டது. அந்தப் பதினைந்து பேரில் 13 பேர் சிவப்பழகுக் களிம்பு பூசி வந்தவர்கள்! முகம் வெளுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டதற்குச் சிறுநீரகமா விலை?

இன்னொன்று மருந்துக் கடைக் களிம்பு. பக்கத்து வீட்டு அக்காவின் தேமலுக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்ததை நாமும் வாங்கி முகத்தில் தடவுகிறோம். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்று உறையில் எழுதியிருந்தால் அது ஸ்டீராய்டு. முதலில் முகம் பளபளக்கும். பிறகு தோல் மெலிந்து, சிவந்து, பருக்கள் கிளம்பி, சிலருக்கு முடியும் முளைக்கும், நிறுத்தினால் எரியும். இத்தகைய 14 மருந்துக் களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாது என்று 2018இல் மத்திய அரசு ஆணையிட்டது. அப்படியும் கேட்டால் கிடைக்கிறது. கேட்காமலிருக்க வேண்டியவர்கள் நாம்தாம்.

அப்படியானால் ஒப்பனையே வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சிதம்பரத்தில் 1981இல் தொடங்கிய நாட்டியாஞ்சலி சிவராத்திரியை ஒட்டி நடைபெறுவதை யாவரும் அறிவர். வெளியூர்ப் பெண்கள் வந்து ஆடுவதைப் பார்த்தால் ஒப்பனை எதற்கு என்பது புரியும். பலத்த விளக்கொளியில் கண்ணும் புருவமும் மங்கிவிடும். கடைசி வரிசையில் இருப்பவர்க்கும் கண் பேச வேண்டும் என்பதற்காகவே கண்ணை நீட்டி எழுதுகிறார்கள், விரலுக்கும் பாதத்துக்கும் சிவப்பு இடுகிறார்கள். முகத்தை மறைப்பதற்காக அன்று, தெரிய வைப்பதற்காகச் செய்யும் ஒப்பனை அது. தேர்ந்தவர்கள் பூச்சின் நிறத்தைத் தாடையோரத்தில் சிறிது தடவிப் பகல் வெளிச்சத்தில் பார்ப்பார்கள். தோலோடு கலந்து காணாமற்போனால் அதுவே உரிய நிறம். கழுத்துக்கும் காதுக்கும் சேர்த்தே பூசுவார்கள். ஆட்டம் முடிந்ததும் தேங்காய் எண்ணெயால் துடைத்து, பின்பு முகம் கழுவாமல் படுக்க மாட்டார்கள். இவ்வளவையும் நாம் செய்யலாம், காசு செலவில்லை.

மாநிறத்துக்கும் கறுப்புக்கும் எடுக்காத நிறம் என்று ஒன்று உண்டா? "உங்க நிறத்துக்கு இது எடுக்காதும்மா" என்று ஜவுளிக் கடைக்காரர் மாம்பழ மஞ்சளையும் கிளிப்பச்சையையும் மடித்து வைத்துவிட்டு, வெளுத்த சந்தன நிறத்தை எடுத்துப் போடுவார். அவரை நம்பாதீர்கள். அரக்கு, மயில்கழுத்து நீலம், மாம்பழ மஞ்சள் ஆகியவை கறுத்த தோலில் ஒளிர்வதுபோல் வேறெதிலும் ஒளிர்வதில்லை என்பது என் துணிபு. உதட்டுக்கும் வெளிர் ரோஜாவைவிடச் செங்கல் நிறமும் நாவற்பழ நிறமும் பொருந்தும்.

நம் ஊர்ப் பருவமும் கவனிக்கத்தக்கது. சித்திரை, வைகாசியில் கடற்காற்றின் ஈரமும் வெயிலும் சேர்ந்து வேர்த்துக் கொட்டும். வேர்வையின்மேல் பவுடரை அப்பினால் வேர்வைத் துளை அடைத்து வேர்க்குருதான் மிச்சம். அந்த மாதத்துக் கல்யாணத்துக்குக் கண்ணுக்கு மையும் நெற்றிக்குப் பொட்டும் போதும். வெள்ளிக் கடற்கரைக்குப் போகும் நாளில் வெயில் காப்புக் களிம்பு பூசுவது நல்லது; வாங்க இயலாதவர்க்குக் குடை இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரத் துணியாலும் பகிர்ந்துகொள்ளும் துண்டாலும் பூஞ்சை பெருகும். தேமல் என்பது அதுதான். இரத்தம் குறைந்தது என்று எண்ணி அதன்மேல் வெளுக்கும் களிம்பைத் தடவுவதில் பொருளில்லை. அதற்குத் தனி மருந்து உண்டு. மார்கழிப் பனியில் குளித்த ஈரம் உலர்வதற்குள் சிறிது எண்ணெய் தடவினால் வெடிப்பு வராது. ஒருவர் கண்மைக் குச்சியை இன்னொருவர் வாங்குவது எந்த மாதத்திலும் கூடாது. ஒரு வகுப்பு முழுவதும் 'மெட்ராஸ் ஐ' வர அந்த ஒரு குச்சி போதும்.

பழைய பொருளெல்லாம் நல்லது, புதியதெல்லாம் கெட்டது என்று கூறுவதிலும் எனக்கு உடன்பாடில்லை. ஒட்டுப் பொட்டின் பசையிலுள்ள ஒரு வேதிப்பொருள் சிலருக்கு நெற்றியில் வெண்புள்ளி உண்டாக்கும். அரைமணியில் கன்னங்கரேலென்று பிடிக்கும் 'கறுப்பு மருதாணி'யில் தலைமயிர்ச் சாயம் கலந்திருக்கும், கை கொப்பளிக்கும். அரைத்த மருதாணி செம்மண் நிறமாகத்தான் சிவக்கும், கறுக்காது. கஸ்தூரி மஞ்சள் என்று கடையில் தருவது பல வேளைகளில் வேறு கிழங்கின் தூள். எதுவாயினும் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி இரண்டு நாள் பார்த்துவிட்டு முகத்துக்குக் கொண்டு போகலாம்.

பெற்றோர்க்கு ஒன்று சொல்லத் துணிகிறேன். புதுநன்மை வாங்கும் எட்டு வயதுக் குழந்தைக்கு உதட்டுச் சாயமும் வெள்ளைப் பூச்சும் எதற்கு? வெண்ணிற உடை இருக்கிறது, கையில் மெழுகுதிரி இருக்கிறது. "இன்றைக்காவது சிவப்பாயிருக்கட்டும்" என்று ஒரு தாய் கூறியதை நானே கேட்டேன். அந்தக் குழந்தையும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

இவ்வாண்டு விழாக் குழுவுக்கு என் வேண்டுகோள் பெரிதொன்றுமில்லை. ஒரு வெளிர் ரோஜா டப்பாவுக்குப் பதிலாக மாநிறத்துக்கு ஒன்றும், கறுப்புக்கு இரண்டு சாயலில் இரண்டுமாக மூன்று டப்பா வாங்க வேண்டும். ஆளுக்கொரு பஞ்சுத் துண்டு வேண்டும். ஒரு கட்டு பஞ்சு வாங்கி வெட்டிக்கொண்டால் போதும். எண்ணெய்ப் புட்டி ஒன்றை நான் கொண்டு வருகிறேன். கிறிஸ்து பிறப்பு நாடகத்துக்கு ஆள் எடுக்கும்போது, பிள்ளைகளைத் திரைக்குப் பின்னால் நிறுத்தி வசனம் சொல்லச் செய்து, குரலை மட்டும் கேட்டு மாதாவைத் தேர்ந்தெடுக்கலாமே?