மேலே காய்ந்த தானியம்

சீனன்குடாவில் என்னிடம் ஓதும் மாணவன் ஒருவன், மஃரிபுக்குப் பின் புதிய கைபேசியில் துறைமுகத்தைப் படமெடுத்துக் காட்டினான். எல்லாம் மங்கல். "ஹஸ்ரத், விளம்பரத்தில் இரவும் பகல் போலத் தெரிந்ததே!" என்றான். கடலுக்குப் போகும் தகப்பனின் காசு அது.

அன்பர்களே! 2012இல் நோக்கியா, லூமியா 920 கைபேசிக்கு ஒரு விளம்பரப் படம் வெளியிட்டது. சைக்கிளில் செல்லும் பெண்ணை அக்கைபேசி சிறிதும் ஆடாமல் பிடிப்பதாகக் காட்சி. வழியிலிருந்த ஒரு கண்ணாடி காட்டிக்கொடுத்தது: பிடித்தது வேறு, பெரிய கமரா! நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. 2018இல் எகிப்தில் ஹுவாவே விளம்பரமும் இவ்வாறே அகப்பட்டது.

"நல்ல படம்தானே, இதில் என்ன குற்றம்?" என்பார்கள். தானியக் குவியலுக்குள் கைவிட்ட நபி (ஸல்) அவர்களின் விரல்களில் ஈரம் பட்டது. நனைத்தது மழை, வியாபாரியல்ல. ஆயினும் ஈரத்தை மக்கள் காண மேலே வைக்காததையே அவர்கள் கண்டித்தார்கள்.

நமது நாட்டிலும் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் சட்டம் ஏமாற்று வியாபாரத்தைத் தடுக்கிறது. எனினும் வாங்குமுன், கடையின் இருண்ட மூலையில் நீங்களே ஒரு படம் எடுத்துப் பாருங்கள். விற்பவரே! மீன் பெட்டியில் நல்லதை மேலே அடுக்கும்போதும் அந்த ஈர விரல்களை நினைத்துக்கொள்ளுங்கள்.