ஒரு மரத்திற்கு ஒரு வெள்ளி

ஜொகூர் மாநிலத் தமிழ்ப்பள்ளி ஒன்றின் பரிசளிப்பு விழாவிற்குச் சென்றிருந்தேன். வாழ்த்துரை வழங்க வந்த பெருமகனார் மாணவரை நோக்கி, "தமிழ்ப்பள்ளியில் பயின்ற ஆனந்த கிருஷ்ணன் நாட்டின் மாபெருஞ் செல்வர்களுள் ஒருவராய் விளங்கினார். உழைத்தால் நீங்களும் அவ்வாறு ஆகலாம்" என்று முழங்கினார். மண்டபம் அதிரக் கைதட்டினார்கள், நானுந்தான் தட்டினேன். வீடு திரும்பும் வழியில்தான் உள்ளம் உறுத்தலாயிற்று. எதற்காகக் கைதட்டினோம்?

அவர் கூறியதில் பொய் இல்லை. 1938இல் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில், இலங்கைத் தமிழர் வழிவந்த குடும்பத்தில் பிறந்து, விவேகானந்தா தமிழ்ப்பள்ளியில் தொடங்கி ஹார்வர்ட் வரை சென்று பயின்றவர் ஆனந்த கிருஷ்ணன். மேக்சிஸ் தொலைபேசி, ஆஸ்ட்ரோ தொலைக்காட்சி, மியாசாட் செயற்கைக்கோள் ஆகியன அவர் எழுப்பியவை. 2024 நவம்பர் 28ஆம் நாள் அவர் மறைந்தபோது, அவருடைய செல்வத்தை 510 கோடி அமெரிக்க டாலர் என ஃபோர்ப்ஸ் இதழ் மதிப்பிட்டிருந்தது. அன்றைய மாற்று விகிதப்படி ஏறத்தாழ 2,240 கோடி வெள்ளி. விளம்பரத்தை விரும்பாது ஒதுங்கி வாழ்ந்த அம்மனிதரை இழித்துரைப்பது என் நோக்கமன்று. என் வழக்கு, அந்த எண்ணை வாயால் சொல்லிவிட்டு மனத்தால் எண்ணிப் பாராத நம்மோடுதான்.

எண்ணிப் பார்ப்போமா? நம் பெற்றோர் அறிந்த அளவுகோலையே எடுத்துக்கொள்வோம். விடியுமுன் பெரட்டுக்கு எழுந்து, நாளொன்றுக்கு ஐந்நூறு பால்மரம் வெட்டுகிறார் ஒரு தோட்டப் பாட்டாளி. மரத்திற்கு ஒரு வெள்ளி வீதம் அவருக்குக் கூலி கொடுப்போம். (எந்தத் துரையும் கனவிலும் கொடுத்திராத கூலி இது!) ஞாயிறும் இல்லை, தீபாவளியும் இல்லை, மழை நாளும் இல்லை; உண்ணாமல் உடுக்காமல் அத்தனையும் சேமிக்கிறார். 2,240 கோடி வெள்ளி சேர எத்துணை காலம் ஆகும்? ஒரு இலட்சத்து இருபத்திரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேல்! இரப்பர்க் கன்று இந்நாட்டு மண்ணைத் தொட்டதே 1877இல்தான். 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளத்தில் கணக்கிட்டால், ஆண்டுகள் பத்து இலட்சத்தையும் தாண்டிவிடும்.

நம் மாநிலத்து அளவுகோல் ஒன்றும் உண்டு. கூலாயிலிருந்த 664 ஹெக்டர் செம்பனைத் தோட்டம் ஒன்றை, 2021இல் ஒய்.டி.எல். குழுமம் ஏறத்தாழ 43 கோடி வெள்ளிக்கு வாங்க முன்வந்தது. இன்று அங்கே தரவு மையங்கள் எழுந்துள்ளன. அத்தகைய தோட்டங்கள் ஐம்பத்திரண்டை ஒருவரே விலைக்கு வாங்கலாம் எனின், அது எப்பேர்ப்பட்ட செல்வம்! ஆயினும் உலகத் தராசில் அதுவும் ஒரு சிட்டிகைதான். 2025 அக்டோபரில் எலான் மஸ்கின் செல்வம் 50,000 கோடி டாலரைத் தொட்டதாக அதே இதழ் கணக்கிட்டது. நம்மவருடையதைப் போல் ஏறத்தாழ நூறு மடங்கு. மலேசிய மக்கள் அனைவரும் 2024ஆம் ஆண்டு முழுவதும் உழைத்து ஈட்டிய மொத்த உற்பத்தியினும் பெரிது.

"உழைப்பால் வந்தது" என்பார் சிலர். உழைப்பு மட்டுமா? 1996இல் தொடங்கிய ஆஸ்ட்ரோ, செயற்கைக்கோள் வழிக் கட்டணத் தொலைக்காட்சியை நெடுங்காலம் போட்டியின்றி நடத்த அரசின் தனியுரிமை பெற்றிருந்தது. தோட்டத்து வீட்டுக் கூரைமேலும் அந்தத் தட்டு ஏறியது. மாதந்தோறும் கட்டணம் செலுத்தினோம். அந்தக் கோடிகளுக்குள் நம் சில்லறையும் கிடக்கிறது.

"அவையெல்லாம் பங்குத்தாள் மதிப்புத்தானே, கைப்பணமா?" என்பாரும் உளர். தமிழ்நாட்டார் நன்கறிந்த ஏர்செல் நிறுவனத்தின் பெரும்பங்கை 2006இல் மேக்சிஸ் வாங்கியது. 2018இல் ஏர்செல் நொடித்து வீழ்ந்தது. கோடிக்கணக்கில் போட்ட முதல் போயிற்று. போன பின்னும் எஞ்சியதுதான் மேற்சொன்ன 510 கோடி டாலர். நம்முள் ஒருவருக்கு மோட்டார் சைக்கிள் தவணை இரண்டு மாதம் தவறட்டும், வண்டி வாசலில் நிற்குமா?

இனி, 'நம் இனத்தின் பெருமை' என்னும் பேச்சு. அன்றைய மண்டபத்தில் பெற்றோர் இருநூறு பேர் இருந்திருப்பர். அச்செல்வர் உயிரோடிருந்து உள்ளே நுழைந்திருந்தால், தலைக்குப் பதினொரு கோடி வெள்ளி என்று சராசரி சொல்லும். அவர் வெளியேறிய மறுகணம்? பள்ளிப் பேருந்துக் கட்டணம் பாக்கி வைத்திருக்கும் அதே இருநூறு பேர்தாம். சராசரியைக் காட்டி ஒரு சமுதாயத்தை ஏமாற்றலாம். நாம் ஒரு படி மேலே போய்ச் சராசரிகூடப் போடாமலே ஏமாறுகிறோம். புறநானூற்றின் 189ஆம் பாட்டை மேடைதோறும் முழங்குகிற நாம், அதே மேடையில் கோடிகளுக்கும் கைதட்டுகிறோம். ஆசிரியர்களாகிய நமக்கு இது தகுமா?

மறுவாரம் அந்தக் கணக்கை என் ஆறாம் ஆண்டு மாணவர்க்குக் கொடுத்தேன். எட்டு இலக்கக் கணிப்பானில் எண் அடங்கவில்லை; தாளில் போட்டார்கள். முதலில் முடித்த சிறுமி விடையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தனை வருடம் மரம் இருக்குமா, ஐயா?"

முப்பது ஆண்டில் சாய்த்துவிட்டு மறுநடவு செய்வார்கள் என்றேன். அவள் மீண்டும் பென்சிலை எடுத்தாள். நாலாயிரத்துத் தொண்ணூற்றொரு மறுநடவுகள் வந்தன.