வீடும் தொழிலும்: தையல் மெசினைத் துடைக்க எது நல்லது?



அண்மையில் ஒரு சகோதரியின் வீட்டுக்குப் போயிருந்தேன். 2010 இல் மீள்குடியேறியபோது உதவியாகக் கிடைத்த கால்மிதி மெசின் ஒன்று அவரிடம் இருக்கிறது. கணவர் இல்லாத வீட்டில் அந்த மெசின்தான் இரண்டு பிள்ளைகளையும் படிக்க வைத்தது. இப்போது அதன் சில்லு இறுகிவிட்டது.

"தேங்காயெண்ணெய் விட்டன் அக்கா, இன்னும் இறுகிப்போச்சு. பிறகு பெயின்ற் அடிக்கிறவரிட்டத் தின்னர் வாங்கித் துடைச்சன். பூவெல்லாம் அழிஞ்சுபோச்சு" என்றார்.

"மிச்சத் தின்னர் எங்கே?" என்று கேட்டேன். யன்னல் தட்டைக் காட்டினார். சோடாப் போத்தலில் தண்ணீர்போல் தெளிவாக இருந்தது. கீழே மூன்று வயதுப் பேத்தி விளையாடிக்கொண்டிருந்தாள். மெசினை விட்டுவிட்டு முதலில் அந்தப் போத்தலை எடுத்து உயரத்தில் வைத்தோம். அதனால்தான் இம்மாதம் இதைப் பற்றி எழுதுகிறேன்.

மெசின் இறுகுவதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள் உண்டு: நூல் தும்பு, பிசினாகிப்போன பழைய எண்ணெய், துரு. தும்புக்கு எந்தத் திரவமும் வேண்டாம். ஊசியைக் கழற்றி, ஊசித்தட்டைத் திறந்து, பழைய பல் பிரஷினால் உலர்ந்தபடியே தட்டி எடுங்கள். தும்பு இருக்க எண்ணெய் விட்டால் அது சேறாகிவிடும்.

பிசினான எண்ணெய்க்கு மண்ணெண்ணெய் நல்லது. பழைய துணித்துண்டில் சிறிதளவு நனைத்து, பொபின் பெட்டி சுழலும் இடத்தையும் மற்ற இரும்புப் பகுதிகளையும் மட்டும் துடையுங்கள். 2022 ஆகஸ்டில் லீற்றர் 87 ரூபாவாக இருந்த மண்ணெண்ணெய் 340 ரூபாவானதை நாம் மறக்கவில்லை. ஊற்றிக் கழுவத் தேவையில்லை. ஒரு மேசைக்கரண்டி போதும். துருப்பிடித்து இறுகிய இடத்தில் இரண்டொரு துளி விட்டு ஓர் இரவு வையுங்கள். மறுநாள் சில்லைக் கையால் மெதுவாக முன்னும் பின்னும் அசையுங்கள். பலவந்தமாகத் திருப்ப வேண்டாம். மண்ணெண்ணெய் அழுக்கைக் கரைக்குமே தவிர, எண்ணெயின் வேலையைச் செய்யாது. ஆகவே நன்றாகத் துடைத்து உலரவிட்டு, ஒவ்வொரு எண்ணெய்த் துளையிலும் தையல் மெசின் எண்ணெய் ஒரு துளி விடுங்கள். பிறகு பழந்துணி ஒன்றைத் தைத்துப் பாருங்கள். வாடிக்கையாளரின் சட்டையில் கறை படாது.

தேங்காயெண்ணெய் வேண்டாம். குளிரில் உறைந்துவிடும், நாளடைவில் பிசினாகிவிடும். சமையல் எண்ணெய்களும் அப்படியே. தின்னர் பூ வேலைப்பாட்டையும் பெயின்றையும் கரைக்கும்; பிளாஸ்ரிக்கைக் கெடுக்கும்; அதன் ஆவி தலைச்சுற்றைக் கொடுக்கும். பெற்றோலை இந்த வேலைக்குத் தொடவே வேண்டாம். அதன் ஆவி காற்றைவிடப் பாரமானது. நிலத்தோடு ஊர்ந்து போய், தூரத்தில் உள்ள அடுப்பிலோ நுளம்புத்திரியிலோ தீப்பற்றி, அந்தத் தீ உங்களிடமே திரும்பி வரும். மண்ணெண்ணெய் அவ்வளவு விரைவில் பற்றாது என்றாலும், விளக்கு எரியும் இடத்தில் அதையும் பாவிக்கக் கூடாது.

தோல் வார், றப்பர், பிளாஸ்ரிக், பெயின்ற் பூசிய பகுதி ஆகியவற்றுக்குச் சவர்க்கார நீரில் நனைத்து இறுகப் பிழிந்த துணியே போதும். உடனே உலர்ந்த துணியால் துடையுங்கள். கரண்ட் மெசின் என்றால் முதலில் பிளக்கைக் கழற்றுங்கள். மோட்டருக்குள் எந்தத் திரவமும் போகக் கூடாது. எண்ணெய் விடத் தேவையில்லாத புதிய மெசின்களும் உண்டு. கூட வந்த சிறு புத்தகத்தை ஒருமுறை பாருங்கள்.

கதவு, யன்னல்களைத் திறந்து வைத்து, பிள்ளைகளை அப்பால் அனுப்பிவிட்டு வேலை செய்யுங்கள். முடிந்ததும் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். மிச்சத்தைக் கிணற்றடியில் ஊற்றாதீர்கள்.

இனி, எல்லாவற்றிலும் முக்கியமானது. மண்ணெண்ணெயையோ தின்னரையோ சோடாப் போத்தலிலும் தண்ணீர்ப் போத்தலிலும் வைக்காதீர்கள். தாகத்தோடு ஓடிவரும் பிள்ளைக்குப் போத்தலின் உருவம்தான் தெரியும். இறுக மூடக்கூடிய தனிக் கலனில், பெரிய எழுத்தில் பெயர் எழுதி, பூட்டிய இடத்தில் வையுங்கள். வாசிக்கத் தெரியாத பிள்ளைக்குப் பெயர் காவல் அல்ல; பூட்டுத்தான் காவல்.

தவறிப் பிள்ளை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். விரலை விடுவது, உப்புத் தண்ணீர் கொடுப்பது எல்லாம் ஆபத்து. வயிற்றில் இருப்பதைவிட, வாந்தியோடு சுவாசப்பைக்குள் போகும் மண்ணெண்ணெயே கூடுதலாகக் கெடுதி செய்யும். நனைந்த உடுப்பைக் கழற்றி, உடம்பைச் சவர்க்காரத்தால் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். 1990 இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். அந்தப் போத்தலையும் எடுத்துச் செல்லுங்கள். பிள்ளை சுகமாக விளையாடினாலும் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். இருமலும் மூச்சுத்திணறலும் சில மணி நேரம் கழித்தும் வரலாம்.

அந்தச் சகோதரியின் மெசின் மறுநாள் அசைந்தது. இரண்டாம் நாள் ஓடியது. அழிந்த பூக்கள் அழிந்ததுதான். தையலுக்கு அவை தேவையில்லை. யன்னல் தட்டில் இப்போது நூல்கட்டைகள் மட்டும் இருக்கின்றன.

இதை வாசித்து முடித்ததும் எழுந்து போய் உங்கள் வீட்டு யன்னல் தட்டையும் அடுப்படி மூலையையும் ஒருமுறை பாருங்கள், சகோதரிகளே. மெசினை நாளைக்கும் துடைக்கலாம்.