எல்லைக் கிராமங்களுக்கு ஒரு தமிழ் அலமாரி

1945 செப்டம்பரில் பி.என்.பணிக்கரின் முயற்சியால் 47 நூலகங்களின் பேராளர்கள் அம்பலப்புழையில் கூடித் திருவிதாங்கூர் கிரந்தசாலா சங்கத்தை நிறுவினர். கேரளத்தின் வாசிப்புப் பண்பாடு அரசாணையில் பிறந்ததன்று. மக்கள் இயக்கத்தில் விளைந்தது.

1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது விளவங்கோடு தமிழகத்துடன் இணைந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நீடித்தது. பாறசாலையை ஒட்டிய ஊர்களில் வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமுமாக வளரும் குழந்தைகள் உண்டு. மலையாளம் அவர்களுக்கு இன்றியமையாதது. அதற்காகத் தாய்மொழி எழுத்தை இழக்க வேண்டியதில்லை. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்கப் போதிய வசதி செய்யுமாறு அரசியல் சாசனத்தில் 350ஏ பிரிவு சேர்க்கப்பட்டதும் அதே 1956இல்தான்.

ஆனால் சட்டப்பிரிவு தானாகவே குழந்தையின் கையில் புத்தகத்தைத் தந்துவிடாது. கூலி வேலை செய்யும் பெற்றோருக்குக் கதைப்புத்தகம் எட்டாத செலவு. தந்தையின் ரப்பர் பால்வெட்டையும் ஊர்ச் சந்தையையும் தன் சொற்களில் நான்கு வரி எழுதும்போதுதான் எழுத்து குழந்தையின் உடைமையாகிறது.

ஊர் நூலகத்தில் தமிழ்ச் சிறார் நூல்களுக்கு ஓர் அலமாரி, வாரம் ஒரு மணிநேர வாசிப்பு, குழந்தைகள் எழுதியவற்றை ஒட்ட ஒரு பலகை: நூலகக் குழுக்களில் உள்ள தோழர்கள் இம்மூன்றையும் உறுதிசெய்ய வேண்டும். பணிக்கர் மறைந்த ஜூன் 19 வாசிப்பு நாளாகக் கொண்டாடப்படுகிறது. அந்நாளில் மாலை சூட்டுவதோடு கடமை முடிந்துவிடுவதில்லை.